தேத்தண்ணி வைக்க இடமில்லாத கதிரை

"உங்கட வீட்டில நிக்கிற மாதிரி ஒரு கதிரை விலை குறைச்சு வந்திருக்கு, எடுக்கலாமோ?" என்று போன கிழமை நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. மொறட்டுவையிலிருந்து வந்த தச்சு பாஸ் எங்கள் கதிரையின் இடது கையை ஒட்டிவிட்டு, 6,500 ரூபா வாங்கிக்கொண்டு அப்போதுதான் படியிறங்கியிருந்தார்.

பலாப் பலகைகளை அடுக்கி ஒட்டி, அந்தக் கட்டியைச் சிலைபோலக் குடைந்தெடுத்த கதிரை. 1960களில் அமெரிக்காவில் வெண்டெல் காசில் என்ற தளபாடக் கலைஞர் கையாண்ட முறை. தேடினாலும் ஒரு நேர்கோடு கிடைக்காது. வினையே அதுதான். நான்கு வருடமாக இதில் கோப்பை வைக்க இடம் தேடுகிறேன். வலது கை சரிவு. இடது கை சங்குமாதிரிச் சுருண்டு போகிறது. நம்பி வைத்த சித்திக்குச் சீலையெல்லாம் தேத்தண்ணி.

அந்தச் சுருளில் கறுப்பாக ஒரு பட்டி தெரிவதற்காக ஒரேயொரு பலகையைக் குறுக்கே வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகு, மறுக்கவில்லை. வெடித்ததும் அங்கேதான். ரீலோட் கார்ட் ஒன்றைச் செருகலாம், அவ்வளவு இடைவெளி. பாஸ் நகத்தால் தடவிப் பார்த்து, "யார் மாத்தயா இதக் குறுக்கால வச்சது?" என்றார். மரம் அகலவாட்டில் ஊதும், சுருங்கும். நீளவாட்டில் அசைவது மிகக் கொஞ்சம். வெள்ளவத்தையில் பகலெல்லாம் கடற்காற்றின் ஈரம், இரவில் ஏசி. ஒரு பலகை நகர, பக்கத்துப் பலகை விடாது. ஒட்டு எத்தனை நாள் தாங்கும்? திரும்பவும் விடும் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆனால் உட்கார்ந்தால் வேறு கதை. முதுகை அளவெடுத்துச் செதுக்கியதுபோல இருக்கும். முழங்கால் வலியால் சோபாவிலிருந்து எழும்ப முடியாத அம்மா, மத்தியானம் வீரகேசரியை முகத்தில் போட்டுக்கொண்டு இதில்தான் தூங்குவார். வந்தபோது மஞ்சள் கிழங்கு நிறம். இப்போது பனங்கட்டி நிறம். கைபட்ட இடமெல்லாம் பளபளப்பு. மடிப்புகளில் தூசி படியும்தான், சின்னப் பெயின்ற் பிரஷ் ஒன்று போதும்.

நண்பரிடம் வேண்டாம் என்றேன். பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம், அந்தக் காசுக்குக் கை நேராக உள்ள கதிரை இரண்டு எடுக்கலாம் என்றேன். நாளை வரைக்கும் தொடாதீர்கள் என்று பாஸ் பூட்டிவிட்டுப் போன இரண்டு கிளாம்பும் என் இடது முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தன. கோப்பை, வழக்கம்போல, நிலத்தில்.