டிகோடர்ப்ரோவில் இரண்டு என்ஜின்களை ஒரே நடைக்குக் கொண்டுவந்த கதை

மாதிரி ரயிலுக்கான இரண்டு டீசல் என்ஜின்கள், ஒரே மாடல், உள்ளே ஒரே டிகோடர், அதாவது தண்டவாளம் வழியே வரும் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சின்னச் சுற்று. இரண்டையும் கன்சிஸ்ட்டில் (ஒரே கட்டளைக்குச் சேர்ந்து ஓடும் ஜோடியாக) போட்டு பின்னால் இருபது வேகன் கட்டி இழுக்கவிட்டேன். நடுவில் இருக்கும் கப்ளர், அதாவது இணைப்புக் கொக்கி, ஒரு நேரம் விறைத்து நிற்கிறது, ஒரு நேரம் முட்டிக்கொள்கிறது, வளைவு வந்ததும் பின்னால் இருக்கிற வேகக்காரன் முன்னால் இருப்பவனைத் தள்ளித் தடம் புரளவைத்துவிட்டான். நடை ஒக்காத ஜோடி மாடுதான். ஒரே பெட்டியிலிருந்து வந்ததுபோல இருக்கும் மோட்டார்கள்கூட ஒரே வோல்ட்டேஜுக்கு ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை, டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறைக்கு மாறினால் அது தானாகச் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தது என் தப்பு.

முதலில் த்ராட்டில் என்ற கைக்கட்டுப்பாட்டுக் கருவியிலேயே சிவி எண்களைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். சிவி என்பது டிகோடருக்குள் இருக்கும் நினைவுக் கட்டம்: 2 கிளம்பும் வேகம், 6 நடு வேகம், 5 உச்ச வேகம். மூன்றுதானே என்று தோன்றும். எந்த என்ஜினுக்கு எதைப் போட்டோம் என்று துண்டுச்சீட்டில் எழுதி, சீட்டைத் தொலைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து... மூன்றாவது தடவை பொறுமை போய்விட்டது. அப்புறம்தான் டிகோடர்ப்ரோ என்ற கணினி மென்பொருளுக்கு வந்தேன்.

ஜேஎம்ஆர்ஐ என்ற இலவசத் திறமூலத் தொகுப்பின் ஒரு பகுதி இது. ஜாவாவில் எழுதியது, அதனால் விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும். உங்கள் கமாண்ட் ஸ்டேஷனை (தண்டவாளத்துக்குக் கட்டளை அனுப்பும் பெட்டியை) கணினியோடு இணைக்க வழி இருக்க வேண்டும், அது இல்லையென்றால் இந்த விமர்சனத்தை இங்கேயே நிறுத்திவிடலாம். (ஒரு சுவாரசியம்: இந்த மென்பொருளின் டிகோடர் வரையறைக் கோப்புகளைச் சுற்றி எழுந்த வழக்கில்தான் 2008இல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம், திறமூல உரிமத்தின் நிபந்தனைகளைப் பதிப்புரிமைச் சட்டப்படியே வலியுறுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. பொம்மை ரயில் என்று சிரிப்பவர்களுக்குச் சொல்ல எனக்குப் பிடித்த கதை.) அந்தக் கோப்புகளால்தான் உங்கள் டிகோடர் எதுவென்று தேர்ந்தெடுத்ததும் அதன் சிவிகள் பெயரோடு திரையில் வந்து நிற்கின்றன. ஒவ்வொரு என்ஜினும் ரோஸ்டர் என்ற என்ஜின் பட்டியலில் தனியாகச் சேமிக்கப்படுகிறது. என் துண்டுச்சீட்டுக் கொடுமை அன்றோடு ஒழிந்தது, இதற்காக மட்டுமே கூட இதை நிறுவலாம்.

திரை அழகாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். டேப்புக்கு மேல் டேப், பட்டனுக்குப் பக்கத்தில் பட்டன், முதல் நாள் மிரட்சிதான். சவுண்ட் டிகோடரில் எல்லாச் சிவியையும் படிக்கச் சொன்னால் எழுந்து போய் வேறு வேலை பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். வேகத்துக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள், போதும்.

இனி வேலைக்கு வருவோம். மென்பொருள் எண்ணைத்தான் எழுதும், வேகம் சேர்வது தண்டவாளத்தில். சக்கரத்தையும் தண்டவாளத்தையும் துடைக்காமல் ஆரம்பித்தால் அழுக்கைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு என்ஜினையும் முன்னும் பின்னுமாக இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த மோட்டாரில் எடுத்த அளவு அரை மணி நேரத்தில் பொய்யாகிவிடும். சிவி 3, 4 இரண்டிலும் 0 போட்டு முடுக்கத்தையும் தணிப்பையும் எடுத்துவிடுங்கள், வேகம் சேர்ந்த பிறகு இரண்டு என்ஜினுக்கும் ஒரே எண்ணைத் திருப்பிப் போடலாம். பின் மின்னழுத்தக் கட்டுப்பாடு (சுமை மாறினாலும் மோட்டார் வேகத்தை நிலையாக வைக்கும் வசதி) ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லை என்றால் சமதளத்தில் சேர்ந்து ஓடும், ஏற்றத்தில் பிரிந்துவிடும். எனக்கு ஒரு முழு மாலை இதில் போனது.

அடுத்தது, எதை அளவுகோலாக வைப்பது. இருப்பதிலேயே மெதுவான என்ஜினை. வேகமானதை சிவி 5இல் கீழே இறக்கலாம், ஆனால் உச்ச எண்ணான 255இலேயே மூச்சு வாங்குகிற ஒன்றை மேலே ஏற்ற வழியே கிடையாது. நான் முதல் முறை பெருமைக்கு என் வேகமான என்ஜினை அளவுகோலாக வைத்து, மற்றதை அதன் பின்னால் ஓடவைக்க முடியாமல் விழித்தேன்.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. தண்டவாளத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளம், கையில் ஸ்டாப்வாட்ச். என் ரயில்களின் எச்ஓ அளவு நிஜத்தில் 87இல் ஒரு பங்கு (1:87) என்பதால் ஒரு மீட்டரை 10 விநாடியில் கடந்தால் நிஜ ரயில் கணக்கில் மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டர், 4 விநாடியில் கடந்தால் 78. இதற்கென்றே விற்கும் ஒரு சின்ன வேகமானியையும் வாங்கிப் பார்த்தேன், விளக்கு வெளிச்சம் மாறினால் அதுவும் வேறு கணக்குச் சொன்னது, இப்போது அலமாரியில் இருக்கிறது. தண்டவாளத்தில் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு ஜேஎம்ஆர்ஐயிலேயே வேகம் அளக்கும் கருவி ஒன்று உண்டு. உண்மையில் எனக்கு அதிகம் உதவியது இதைவிட எளிய வழி: இரண்டு என்ஜினையும் கப்ளர் மாட்டாமல் ஒரே வட்டத்தில் எதிரெதிர்ப் பக்கம் நிறுத்தி, த்ராட்டிலில் ஒரே வேகப் படியில் ஓடவிட்டு, எது எதை நெருங்குகிறது என்று பார்ப்பது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயின் லைனில், அதாவது வழக்கமாக ரயில் ஓடும் தண்டவாளத்திலேயே, எண்ணை மாற்றலாம், மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மெயின் லைனில் எழுதும்போது, டிகோடர் திருப்பிப் பேச உதவும் ரெயில்காம் வசதி இல்லாவிட்டால், டிகோடரிடமிருந்து பதில் எதுவும் வராது. திரையில் தெரிவது நீங்கள் அனுப்பிய எண், உள்ளே பதிந்த எண் என்று அர்த்தமில்லை. தொடர்பு ஒரு நொடி அறுந்தால் பதிவாகாமல் போகும், திரை ஒன்றும் சொல்லாது. கடைசியில் ஒரு தடவை புரோகிராமிங் டிராக்கில் (சிவிகளைப் படிக்கவும் எழுதவும் தனியாக வைத்திருக்கும் தண்டவாளத் துண்டில்) வைத்து அந்தப் பக்கத்தைப் படித்துச் சரிபார்த்துவிடுங்கள்.

இரண்டு என்ஜினும் ஒரே மாதிரி மோட்டாராக இருந்தால் 2, 6, 5 மூன்றுமே போதும். என் வேகமானதை 5இல் 168க்கு இறக்கி, நடுவில் 6ஐக் கொஞ்சம் தொட்டதும் கப்ளர் அடங்கிவிட்டது. கியர் விகிதமே வேறான என்ஜின்களைச் சேர்க்கும்போதுதான் 28 வேகப் படிக்கும் தனித்தனி எண் வைக்கும் 28 புள்ளி அட்டவணை, அதாவது 67இலிருந்து 94 வரையுள்ள சிவிகள். இதில்தான் டிகோடர்ப்ரோ ஜொலிக்கிறது. 28 ஸ்லைடர்கள் வரிசையாக நிற்கும், முதலையும் கடைசியையும் வைத்துவிட்டு நடுவை நேர்கோடாக்கு என்றால் ஆக்கிவிடும், அப்புறம் வேண்டிய இடத்தில் மட்டும் கையால் வளைக்கலாம். த்ராட்டிலில் 28 எண்ணை ஒவ்வொன்றாக அடித்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆனால் பல அமைப்புகளைக் கூட்டி ஒரே எண்ணாக வைத்திருக்கும் சிவி 29இல் அட்டவணையை இயக்கும் 16ஐச் சேர்க்காமல் ஸ்லைடரை நகர்த்தினால் ஒன்றுமே நடக்காது, நான் அரை மணி நேரம் நகர்த்தினேன். சேர்த்த பிறகு இன்னொரு குழப்பம், பல டிகோடர்களில் 5, 6 இரண்டும் அதற்கப்புறம் வேலை செய்யாது. என்ஜின் அட்டவணையில் ஓடுகிறதா, மூன்று எண்ணில் ஓடுகிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்சிஸ்ட்டில் ஒரு என்ஜினைத் திருப்பி மாட்டுபவராக இருந்தால், அது பின்னோக்கி ஓடும் வேகமும் முக்கியம், முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். முன்னோக்கிக்கு 66, பின்னோக்கிக்கு 95 என்று இரண்டு திருத்தச் சிவிகள் உண்டு, அட்டவணையோடு சேர்ந்து வேலை செய்யும், 128 என்றால் மாற்றமில்லை. ஆனால் எல்லா டிகோடரிலும் இவை இல்லை.

நூலளவு வித்தியாசம்கூட இல்லாமல் சேர்க்க முயன்று இரவெல்லாம் உட்காராதீர்கள். ஒரு வட்டத்துக்கு ஓரிரு அங்குலம் விலகினால் வேகன் சுமையில் அது தெரியாது. சக்கரத்தில் ரப்பர் வளையம் உள்ளவை மட்டும் விதிவிலக்கு, அவை வழுக்கி விட்டுக்கொடுக்காது, அவற்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

இப்போது என்னிடம் ஐந்து என்ஜின்கள் எந்தக் கூட்டணியிலும் சேர்ந்து ஓடுகின்றன. ஆறாவது ஒரு பழைய நீராவி, நடு வேகத்தில் அதற்கு மட்டும் ஒரு தள்ளாட்டம், 28 ஸ்லைடரையும் முயன்றுவிட்டேன். கியரைக் கழற்றிப் பார்க்கும் வரை அது தனியாகவே ஓடட்டும்.