துபாயில் இருந்தவர் தாம்பரத்தில் கையெழுத்துப் போட்ட கதை

லீஸுக்கு வீடு பார்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். நான் ஆறு லட்சத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

தாம்பரம் பக்கம் இரண்டு பெட்ரூம் வீடு, மூன்று வருஷ லீஸ். "ஓனர் துபாய்ல இருக்கார், பவர் என்கிட்ட இருக்கு" என்று ஒருவர், ஓனருக்குப் பதிலாகக் கையெழுத்திடத் தனக்கு அதிகாரம் தரும் பத்திரத்தை நீட்டினார். முத்திரைத்தாள், நோட்டரி ஸ்டாம்ப், வட்ட சீல், பச்சை மசியில் கையெழுத்து. கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸிலும் 'ட்ரூ காப்பி' சீல். "ஓனர்கிட்ட வீடியோ கால்லயாவது பேசலாமே" என்றாள் மனைவி. "நோட்டரியே சீல் போட்டிருக்கார், அப்புறம் என்ன?" என்றேன் நான். அந்த வார்த்தையை இன்னமும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஐந்தாவது மாதம் உண்மையான ஓனர் பெட்டியும் கையுமாக வாசலில் நின்றார். பவரா, யாருக்கு என்றார். பத்திரத்தில் உள்ள தேதியில் அவர் ஊரிலேயே இல்லை, பாஸ்போர்ட்டைக் காட்டினார். நோட்டரியோ, 'என் முன்னிலையில் கையெழுத்திட்டார்' என்று சான்று கொடுத்திருக்கிறார்.

நேராக அந்த நோட்டரியிடம் போனேன். ஒரு கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு மேசை. "கூட்டிட்டு வந்தவர் தெரிஞ்ச ஆள் சார்" என்றார். கையெழுத்துப் போட்டவரின் ஆதாரைப் பார்த்தீர்களா? பதில் இல்லை. ரிஜிஸ்டரைக் காட்டுங்கள் என்றேன். 1956ஆம் வருஷ நோட்டரி விதிகளின்படி, செய்கிற ஒவ்வொரு சான்றையும் 15ஆம் படிவப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். "அது வீட்ல இருக்கு" என்றார். என் பத்திரத்தில் பதிவேட்டு எண்ணே இல்லை என்பதை அங்கே நின்றபோதுதான் கவனித்தேன்.

ட்ரூ காப்பி இதைவிடக் கொடுமை. அசலைக் கையில் வைத்து ஒப்பிட்ட பிறகுதான் அந்த சீலைப் போட வேண்டும். அசல் பத்திரமோ வீட்டுக் கடனுக்காகப் பல வருஷமாக வங்கியில் இருக்கிறது! ஜெராக்ஸைப் பார்த்தே ஜெராக்ஸுக்குச் சான்று.

என் தப்பும் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுத்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ கையெழுத்திட்டு அனுப்புவார். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். 'துபாய் ஓனர்' தாம்பரத்தில் கையெழுத்திட்டிருக்கும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதும் சட்டம். செலவு மிச்சம் என்று அதையும் நோட்டரியோடு முடித்துக்கொண்டேன். அங்கே போயிருந்தால் இந்தப் பவர் கவுண்டரிலேயே பல்லிளித்திருக்கும்.

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன், பவர்காரரின் போன் ஸ்விட்ச் ஆஃப். நோட்டரி மீது 13ஆம் படிவத்தில் அரசுக்குப் புகார் எழுதியாயிற்று. அவரை நியமித்தது மாநில அரசா மத்திய அரசா என்பது சீலிலேயே இருக்கும். அதைப் பார்த்து அந்த அரசுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

ஓனர் நல்ல மனுஷர், காலி செய்ய இரண்டு மாதம் டைம் கொடுத்திருக்கிறார். வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த முறை வாடகைக்குத்தான், ஓனரோடு பேசப்போவது என் மனைவி.