வகிடு அகலும்போது: மினாக்சிடிலா, ஸ்பைரோனோலாக்டோனா?

கொங்கு வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்கு முடி கொட்டத் தொடங்கினால், முதல் பழி ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீருக்கே போகிறது. அடுத்ததாகக் காங்கயத்துச் செக்கெண்ணெய் வீட்டுக்கு வந்து சேர்கிறது. உப்புத் தண்ணீர் முடியை வறட்டும். ஆனால் வகிடு அகன்று உச்சந்தலை தெரிவதற்கு அது காரணமன்று. அங்கே பரம்பரைக் கூறும், மயிர்க்கால் ஆண்பால் ஹார்மோனுக்குக் காட்டும் எதிர்வினையும் சேர்ந்து முடியை மெல்ல மெல்லச் சன்னமாக்குகின்றன. இப்பெண்களில் பெரும்பாலோருக்கு இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் அந்த ஆண்பால் ஹார்மோன் இயல்பான அளவிலேயே இருக்கும் என்பதால், 'ரிப்போர்ட் நார்மல்' என்ற சொல்லோடு சிகிச்சையைக் கைவிடுவது தவறு.

மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து. அது ஹார்மோனைத் தொடுவதில்லை. முடியின் வளர்பருவத்தை நீட்டிக்கிறது. 2 சதவீதக் கரைசலாக நாளுக்கு இருமுறையோ, 5 சதவீத நுரையாக ஒருமுறையோ காய்ந்த தலையில் தடவ வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் இதற்கும் நேரம் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டுவதைக் கண்டு பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் பெரிய கவலை. பலனை எடைபோட 4 முதல் 6 மாதங்களாவது பொறுக்க வேண்டும். நிறுத்தினால் கிடைத்த பலனும் போய்விடும்.

ஸ்பைரோனோலாக்டோன் ஒரு சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை. ஆண்பால் ஹார்மோன் செயல்படும் இடத்தையே அது அடைக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போவதும், தாடையில் முடி அரும்புவதும், பருக்களும் சேர்ந்திருக்கும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறில் இதற்கே நியாயம் அதிகம். ஆனால் ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியை இது பாதிக்கக்கூடும் என்பதால், குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு இது கூடாது. கருவுற்ற காலத்தில் மினாக்சிடிலும் தவிர்க்கப்படுகிறது. மாத்திரை உடலில் பொட்டாசியத்தைத் தக்கவைப்பதால், அன்றாடம் இளநீர் குடிக்கும் பொள்ளாச்சிப் பெண், குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறு இருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஹார்மோன் மிகையின் அறிகுறி ஏதுமின்றி வகிடு மட்டும் அகலும் பெண்ணுக்கு, தைராய்டும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் இரத்தத்தில் பார்த்தபின், மினாக்சிடிலில் தொடங்குவதே சரி என்று கருதுகிறேன். அது போதாதபோது மாத்திரையைச் சேர்க்கலாம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் 2 முதல் 4 மாதங்களில் கொத்தாகக் கொட்டுவது, பெண்பால் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் திடீரென இறங்குவதால் வருவது. அதற்கு இவ்விரண்டுமே வேண்டியதில்லை, பெரும்பாலும் ஓராண்டுக்குள் முடி தானே திரும்பிவிடும்.