சாந்தோம் சர்வீஸ் அபார்ட்மென்ட்: மீன் பொரிக்கலாம், செக்-அவுட்தான் தலைவலி

மூன்று பெட்ரூம், ஒரு ஹால், நிஜமாகவே நின்று சமைக்கக்கூடிய சமையலறை. சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் தெருவில், இரண்டாவது மாடி. நாள் வாடகை 9,000 ரூபாய். 7,500-ஐத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் கையிலிருந்து போவது 10,620. அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் நான். அதனால் ரூபாயை முதலில் சொல்லிவிட்டேன்.

எங்களுக்கு மந்தைவெளியில் சொந்த வீடு இருக்கிறது. இரண்டு பெட்ரூம், லிஃப்ட் கிடையாது. மகள் குடும்பம் நியூஜெர்சியில், மகன் குடும்பம் தோஹாவில். இரண்டு பேரும் சேர்ந்து வர கிறிஸ்துமஸை விட்டால் வேறு வழியில்லை. அதுவும் லேசில் அமையாது. அமெரிக்காவில் பள்ளிக்கூடம் கிறிஸ்துமஸை ஒட்டி மூடி, புத்தாண்டு பிறந்த கையோடு திறந்துவிடுகிறது. கத்தாரில் கிறிஸ்துமஸுக்கு லீவே கிடையாது, மகன் வருடாந்திர விடுப்பில் கை வைக்க வேண்டும். முன்பெல்லாம் மகளை வீட்டில் வைத்துக்கொண்டு மகனை ஹோட்டலுக்கு அனுப்புவோம். அங்கே டிபன் இலவசம் என்று சாப்பிட்டு, பிள்ளைகளைக் கிளப்பி, டாக்ஸி பிடித்து வருவதற்குள் மதியமாகிவிடும். இருட்டுவதற்குள் திரும்பக் கிளம்பிவிடுவார்கள். மருமகள் பெண் பார்க்க வந்தவள் மாதிரி சோஃபா நுனியில் உட்கார்ந்திருப்பாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. இந்த முறை பத்துப் பேரும் ஒரே கூரையின் கீழ், நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கேயே வந்துவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

போனில் நான் கேட்ட முதல் கேள்வி, "மீன் சமைக்கலாமா?" மயிலாப்பூர் சுற்றுவட்டாரத்தில் இந்த ஒரு கேள்வியிலேயே பல இடங்கள் கழன்றுகொள்ளும். இங்கே மேனேஜர், "தாராளமா சமைங்கம்மா, எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போட்டுக்குங்க" என்றார். அப்போதே பாதி மனது வைத்துவிட்டேன். லூப் சாலையில் நொச்சிக்குப்பம் மீன் அங்காடி நடந்து போகிற தூரம். 2024-இல் கட்டித் திறந்தது, வெயிலில் நின்று பேரம் பேச வேண்டியதில்லை. மருமகன் காலையிலேயே கிளம்பிப் போய் சங்கராவும் நெத்திலியும் வாங்கி வருவார். வஞ்சிரம் விலையைக் கேட்டு, "அத்தை, இதுக்கு எங்க ஊர் சால்மனே தேவலை" என்று ஒருநாள் வெறுங்கையோடு வந்தார். கிறிஸ்துமஸ் வாரத்தில் வஞ்சிரம் அப்படித்தான்.

அடுப்பு கேஸ் அடுப்பு, இண்டக்‌ஷன் இல்லை. இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் பொரிக்க எண்ணெய்ச் சட்டி வைத்தவர்களுக்குத் தெரியும். மைதாவில் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, ஹாலில் பாய் விரித்து, பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தேன். எங்கள் அம்மா புதுச் சீப்பு வாங்கி அதன் மேல் அழுத்திச் சுருட்டுவார். நான் முள்கரண்டிகளைக் கவிழ்த்துக் கொடுத்தேன். தோஹா பேத்திக்கு வரி வரியாக அழகாக விழுந்தது. நியூஜெர்சி பேரன் சுருட்டியதெல்லாம் எண்ணெயில் போட்டதும் வாயைப் பிளந்து தட்டையாகிவிட்டது. அவன் அதை "சிப்ஸ் பாட்டி" என்று சொல்லி அவனே தின்று தீர்த்தான்.

பாத்திரம்தான் பற்றாக்குறை. ஆறு பேருக்கு என்று போட்டிருக்கிறார்கள், உள்ளே இருப்பது கல்யாணமான புதிதில் தனிக்குடித்தனம் போனவர்களுக்கான சாமான். பெரிய குக்கர், இட்லிப் பானை, இரும்பு தோசைக்கல் மூன்றையும் வீட்டிலிருந்து ஆட்டோவில் கொண்டு வந்தேன். மிக்ஸி ஜார் மூடியில் ரப்பர் வளையம் இல்லை. முதல் நாள் தேங்காய்ச் சட்னி சுவரில்தான் அரைந்தது. சொன்ன அன்றே வேறு ஜார் கொடுத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

இந்தச் சமையலறையின் அருமை தெரிந்தது விடியற்காலை மூன்று மணிக்கு. குளிர்காலத்தில் நியூஜெர்சிக்கும் நமக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம். அங்கிருந்து வந்த பிள்ளைகள் இரண்டும் மூன்று மணிக்கு எழுந்து பசிக்கிறது என்று நிற்கும். தோஹா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அந்தப் பிள்ளைகள் நம்ம ஊர் பன்னிரண்டரை வரை கண்ணை மூடாது, அவர்களுக்கு அது பத்து மணிதானே. ஒரு கூட்டம் படுத்ததும் இன்னொரு கூட்டம் எழும். ஹோட்டலில் இந்த நேரத்துக்கு ரூம் சர்வீஸுக்குப் போன் போட்டுக் காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். இங்கே நான் தோசை வார்த்தேன், மகள் மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு வீடியோ காலில் சொல்லாத கதையெல்லாம் சொன்னாள். கீழ்வீட்டுக்காரர்கள் ஒருநாள் சத்தம் என்று சொல்லியனுப்பினார்கள். நியாயம்தான்.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கினால் இடத்தை நடத்துபவர் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் தங்கும் தகவலை அரசிடம் பதிய வேண்டும். எங்கள் மருமகனும் பிள்ளைகளும் அமெரிக்கப் பிரஜைகள். கேர்டேக்கர் தம்பி சூட்கேஸ் இறக்கும்போதே பாஸ்போர்ட் நகல் கேட்டு அன்று மாலையே பதிந்து காட்டினார். வாடகை குறைவு என்று ஆன்லைனில் வீடு பிடிப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கிறிஸ்துமஸ் இரவு பூசைக்கு சாந்தோம் பேராலயத்துக்கு நடந்தே போய் வந்தோம். இப்போதிருக்கும் கட்டடம் 1896-இல் முடிந்தது, தோமையார் கல்லறை மேல் எழுப்பியது. அந்த ராத்திரியில் காரோடு வந்தவர்கள் நிறுத்த இடம் தேடியே பாதிப் பூசையை விட்டிருப்பார்கள். கச்சேரி சாலைப் பக்கம் மெட்ரோ வேலை வேறு.

சரி, குறைக்கு வருகிறேன். லிஃப்ட்டில் இரண்டு ஆள், ஒரு பெட்டி, அவ்வளவுதான். கீசர் இரண்டு பேர் குளித்ததும் ஓய்ந்துவிடும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். செக்-அவுட் பதினொரு மணி என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. சென்னையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற விமானங்கள் பலவும் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். காலை பதினொன்றுக்குப் பெட்டி படுக்கையோடு வெளியே வந்துவிட்டு ராத்திரி வரை பத்துப் பேர் எங்கே போவது? மாலை ஆறு வரை இருக்க அரை நாள் வாடகை, அதற்கு மேல் முழு நாள். நாங்கள் முழு நாள் கட்டினோம். வெளிநாட்டுக் குடும்பங்களை நம்பியே தொழில் நடத்துகிறவர்கள், ராத்திரி பத்து மணிக் கணக்கு ஒன்று வைத்தால் என்ன?

ஆனால் கட்டியது வீண் போகவில்லை. ரிசப்ஷனில் பெட்டி எடை பார்க்கத் தொங்கு தராசு வைத்திருக்கிறார்கள். மகளுக்கு ஒரு பெட்டிக்கு 23 கிலோ. ஒன்று 25 காட்டியது. அச்சு முறுக்கு டின்னைத் திறந்து ஜிப் கவருக்கு மாற்றினோம், டின்னே முக்கால் கிலோ. பச்சைக் கறிவேப்பிலையை நானே வைக்கவில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதில் வரும் என்று அமெரிக்காவில் விடமாட்டார்கள். இறைச்சிக்கும் தடை, மீனுக்கு இல்லை. அதனால் நெத்திலிக் கருவாடு நாலு கவர் சுற்றிப் போனது, படிவத்தில் எழுதிவிடு என்று சொல்லியனுப்பினேன். ரம் ஊற்றிய கேக்கை மகன் தொடவே மாட்டேன் என்றான், கத்தாருக்குள் மது எந்த ரூபத்தில் போனாலும் வம்பு என்று. முழுக் கேக்கும் அக்காவுக்கே போனது. தம்பிக்கு இன்னும் வருத்தம்.

வண்டி பத்தரைக்கு வந்தது. பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, ஹாலில் எல்லோரும் முட்டி போட்டு ஜெபம் சொன்னோம். ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை போட்டேன். பேரன் சாக்ஸை ஒரு காலில் போட்டபடியே தூங்கிவிட்டான், அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். விமான நிலையத்துக்கு நான் போகவில்லை, மகன் மட்டும் போனான். வாசலில் டிக்கெட், பாஸ்போர்ட் பார்த்து உள்ளே விடும் இடத்தில் இறக்கிவிட்டு நகர வேண்டியதுதான், அந்த அவசரத்தில் கட்டிப்பிடிப்பதற்கு இந்த ஹால் எவ்வளவோ மேல். மகன் குடும்பம் அடுத்த ராத்திரி கிளம்பியது.

ஐந்துக்கு நாலு. டிசம்பருக்கு வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே சொல்லிவையுங்கள், செக்-அவுட் நேரத்தை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய் டெபாசிட்டில் உடைந்த இரண்டு தட்டுக்கு 400 பிடித்துக்கொண்டு மீதியை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். பில்லில் 'குழந்தைகள் உடைத்தது' என்று போட்டிருந்தது. உடைத்தது என் கணவர்.