52 ஏ.சி. உள்ள லாட்ஜ்: ஃபுல் ஏ.எம்.சி.யா, லேபர் ஏ.எம்.சி.யா?

வீடு வீடாகப் போய் ஏ.சி. சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரே கூரையின் கீழ் 52 மெஷின் கிடைத்தால் கொஞ்சம் தலை சுற்றத்தான் செய்யும். சென்னையில் சாக்கடையாக ஓடும் கூவத்தை ஒட்டிய ஒரு லாட்ஜ். போன வருஷம் மார்ச்சில் மேனேஜர் கூப்பிட்டு, ஏ.எம்.சி.க்கு, அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு, இரண்டு விலை கேட்டார். ஸ்பேர் உட்பட எல்லாம் என் பொறுப்பு என்றால் எவ்வளவு? சர்வீஸும் கூலியும் மட்டும் என்றால் எவ்வளவு? முன்னதை ஃபுல் ஏ.எம்.சி., காம்ப்ரஹென்சிவ் என்பார்கள். பின்னது லேபர் ஏ.எம்.சி. நான் பின்னதை எடுத்தேன். ஒரு வருஷம் ஓட்டிவிட்டு எழுதுவதால் என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

மூன்றாவதாக, ஒப்பந்தமே இல்லாமல் கூப்பிட்டால் போவது என்று ஒன்று உண்டு. இவ்வளவு பெரிய இடத்துக்கு அது சரிப்படாது. மே மாதம் அவர்களுக்கு நான் கிடைக்கமாட்டேன். நவம்பரில் எனக்கு அவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

சர்வீஸ் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான்: வருஷத்துக்கு ஜெட் பம்ப் போட்டுத் தண்ணீரில் கழுவுவது இரண்டு, தண்ணீரில்லாத டிரை சர்வீஸ் இரண்டு. பிரேக்டவுன் கால் எத்தனை வந்தாலும் போகவேண்டும். அதில் பேச ஒன்றுமில்லை.

விலைக்கு வருவோம். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஒன்றுக்கு ஃபுல் 5,500, லேபர் 2,200 என்று கொடுத்தேன். மொத்தம் 2,86,000-க்கும் 1,14,400-க்கும் உள்ள வித்தியாசம் 1,71,600. காகிதத்தில் அது கொழுத்த லாபமாகத் தெரியும். வீட்டில் எல்லோரும் "ஃபுல்லையே எடு" என்றார்கள். நானும் கிட்டத்தட்ட எடுத்திருப்பேன், பின்பக்க அறைகளின் இண்டோர் யூனிட்டைத் திறந்து பார்க்காமல் இருந்திருந்தால்.

காயில், அதாவது அறையைக் குளிரவைக்கும் தாமிரக் குழாய்ச் சுருள், மை பூசியது போலக் கறுத்திருந்தது. சாக்கடை வாயு தாமிரத்தைத் தின்றால் அந்த நிறம்தான் வரும். கூவத்தைப் பார்த்த ஜன்னல், மூடாத ஃப்ளோர் டிராப் (தரையில் தண்ணீர் சாக்கடைக்கு இறங்கும் வாய்), இரண்டும் உள்ள அறையில் காயில் நீண்ட நாள் தாங்காது. ஓரத்தில் குழாய் வளையும் யூ பெண்டில் லீக் என்றால் பற்றவைத்துவிடலாம். இது அப்படியல்ல, குழாயைச் சுற்றிய ஃபின் தகடுகளுக்கு உள்ளே ஊசி முனையளவு ஓட்டைகள். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று. காயிலையே மாற்றவேண்டும்.

ஃபுல் ஏ.எம்.சி.யில் அந்தக் காயில் என் காசு. வருஷ முடிவில் நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். 13 காயில், நைட்ரஜன் டெஸ்ட், வாக்கம், கேஸ் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 7,500 வீதம் 97,500. இன்வெர்ட்டர் போர்டு 5, தலா 9,000. ரிச்சி தெருவில் சரிசெய்யக் கொடுத்தும் உயிர் வராதவை அவை. கம்ப்ரஸர் 2, ஒன்று 14,000. கெபாசிட்டர் 20, ஒன்று 300. கூட்டினால் 1,76,500. கூடுதலாக வாங்கியிருக்கக்கூடிய தொகையைவிட 4,900 அதிகம்!

4,900 நஷ்டம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். உண்மையான அடி அங்கே இல்லை. 13 காயிலில் 9 ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில் போனது. ஸ்பேர் கடையில் எனக்குக் கடன் கிடையாது, ரொக்கம்தான். லாட்ஜோ மூன்று மாதம் முடிந்து பில் வைத்தால்தான் பணம் தரும். முதல் பில் கைக்கு வந்தது 58-ஆவது நாள். ஃபுல் எடுத்திருந்தால் ஏப்ரலில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரை என் பணத்தைப் போட்டு அவர்கள் அறையைக் குளிரவைத்திருப்பேன். நகை அடகுக்குப் போயிருக்கும்.

பில் பணத்தை இழுத்தடிப்பதற்கு எதிராகச் சட்டம் இல்லாமல் இல்லை. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். அது இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். சிறு தொழில் செய்பவருக்குத் தாமதமாகக் கொடுத்த பணத்தை, கொடுக்கும்வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டமுடியாது என்பதும் 2024 ஏப்ரல் முதல் வந்துவிட்டது. இரண்டாவது பில்லோடு உத்யம் சான்றிதழ் நகலைப் பின் அடித்துக் கொடுத்தேன். 41-ஆவது நாள் பணம் வந்தது. சான்றிதழ் வேலை செய்ததா, அவர்களுடைய ஆடிட்டர் ஏதும் சொன்னாரா, தெரியாது. பில்லில் 1 சதவீதத்தை டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டிய வருமான வரியாகப் பிடித்துக்கொள்வார்கள், பயப்படவேண்டாம், பான் கொடுக்காவிட்டால்தான் 20 சதவீதம்.

லேபரில் தலைவலி வேறு மாதிரி. ஒவ்வொரு ஸ்பேருக்கும் ஒப்புதல் வாங்கவேண்டும். அதுவரை அறை பூட்டியிருக்கும், ஆத்திரம் நம் மேல் வரும். மூன்றாவது காயிலுக்கு மேனேஜர், "என்ன தம்பி, போன வாரம்தானே ஒண்ணு மாத்துனே?" என்றார். பதில் சொல்லவில்லை. கழற்றிய காயிலில் நைட்ரஜன் ஏற்றி, பாத்ரூமில் பெரிய டப்பில் தண்ணீர் பிடித்து அவர் கண் எதிரே முக்கினேன். மூன்று இடத்தில் மணி மணியாகக் காற்று கிளம்பியது. குனிந்து பார்த்துவிட்டு, "சரி, மாத்து" என்று போய்விட்டார். அதன்பிறகு கேள்வி இல்லை. காயில் லாட்ஜ் காசு என்றானதும், டிராப்பை மூடச் சொல்லி ரூம் பையன்களை விரட்டியதும் அவர்தான். ஃபுல்லாக இருந்தால் எதற்கு விரட்டப்போகிறார்?

ஃபுல்லை ஒரேயடியாகத் தள்ளவும் மனமில்லை. ஈரோட்டில் இதே தொழில் செய்யும் மச்சான் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஃபுல் போட்டு நாலு வருஷமாக நிம்மதியாக இருக்கிறார். சாக்கடைக் காற்று இல்லை, பகலில் மட்டும் ஓட்டம், மே மாதம் விடுமுறை. என் கணக்கு கூவக்கரைக் கணக்கு, அதுவும் ஒரு வருஷக் கணக்கு. டக்டபிள், வி.ஆர்.எஃப். மாதிரியான பெரிய ஏ.சி. அமைப்புகள் பக்கம் நான் போனதில்லை. அதற்கு இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இந்த ஏப்ரலில் புதுப்பித்தபோது மேனேஜர் மறுபடி ஃபுல் கேட்டார். தெருப்பக்கம் 9 அறையில் ஆர் 32 கேஸில் ஓடும் புது மெஷின் மாட்டியிருக்கிறார்கள்; போர்டும் கம்ப்ரஸரும் கம்பெனி வாரண்டியில் இருக்கின்றன. அந்த 9-க்கு மட்டும் தலா 4,000-க்கு ஃபுல் எழுதிக்கொடுத்தேன். மீதி 43-க்கு 2,300, லேபர். கூவம் பார்த்த அறைகளின் எண்களைத் தனித்தாளில் எழுதி, இவற்றின் காயில் எந்நாளும் லாட்ஜ் செலவு என்று அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.