டிரிப் ஆகுதுன்னு ஆப்ல எலக்ட்ரீஷியன் கூப்பிடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

இன்னும் கை நடுங்குது கோவத்துல. 7,400 ரூபா. பணம் போனது ஒரு பக்கம், எங்க அத்தை உயிரே போயிருக்கும்.

வேளச்சேரில பழைய ஃபிளாட் எங்களோடது. காலைல திடீர்னு வீடு மொத்தமும் கரண்ட் போச்சு, பக்கத்து வீட்ல எல்லாம் இருக்கு, டிபி பாக்ஸை, அதான் மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தா ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா தானா விழுந்து லைனை கட் பண்ற சுவிட்ச்) கீழ விழுந்து கிடக்கு, மேல தள்ளினா டப்புனு மறுபடி விழுது. ஈபில கேட்டா மீட்டர் வரைக்கும்தான் நாங்க, உள்ள நீங்கதான் ஆள் வச்சுப் பாக்கணும்னுட்டாங்க. சரின்னு வீட்டுக்கே ஆள் அனுப்பற ஒரு ஆப்ல புக் பண்ணேன். பேர் சொல்லல, எல்லார் போன்லயும் இருக்கிற மாதிரி ஆப்தான்.

வந்தவன் யூனிஃபார்ம், ஐடி கார்டு, வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு "மேடம் உள்ள வரலாமா"ன்னு கேட்டுட்டு வந்தான். அத்தை தண்ணி குடுத்தாங்க, "தேங்க்ஸ்மா"ன்னு வாங்கிக் குடிச்சான். பாக்ஸைக் கழட்டி டார்ச் அடிச்சு ஒரு கருத்த வயரைக் காட்டி "மேடம், இன்னைக்கு நைட்டே தீப்பிடிச்சிருக்கும், நல்லவேளை கூப்பிட்டீங்க, பெரியவங்க வேற இருக்காங்க"ன்னான். வீட்ல வயசானவங்களை வச்சுக்கிட்டு இதைக் கேட்டா யாருக்குத்தான் வயிறு கலங்காது. ஆர்சிசிபி எரிஞ்சுடுச்சு, புதுசு போடணும், வயர் மாத்தணும்னான். புதுசா ஒரு அட்டை டப்பாவையும் காட்டினான். ஆப்ல விசிட் சார்ஜ் மட்டும்தான் வரும், ஸ்பேர் நாங்க வெளில வாங்கறது, என் நம்பருக்கே யுபிஐ பண்ணிடுங்கன்னான். 7,400. கரண்ட் வந்துச்சு, டிரிப்பும் ஆகல. போறப்ப ஃபைவ் ஸ்டார் வேற கேட்டு வாங்கிட்டுப் போனான்.

மறுநாள் அத்தை குளிக்கப் போனவங்க கத்திக்கிட்டே வெளிய வந்தாங்க, பாத்ரூம் குழாயைத் தொட்டா சுர்ருனு இழுக்குதாம். எங்க தெருமுனை எலக்ட்ரிக்கல் கடை அண்ணன் ஓடி வந்தார். வந்ததும் முதல்ல ஆர்சிசிபிய கீழ தள்ளினார். ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கு! வீட்டுக்குப் போற வயரைப் பூரா அதுலருந்து பிடுங்கி மெயினோட நேரா முறுக்கி கருப்பு டேப் சுத்தி வச்சிருக்கான். ஆர்சிசிபி சும்மா பொம்மை மாதிரி உக்காந்திருக்கு, அதுவும் எங்க பழசேதான், போன தடவை பெயிண்ட் அடிச்சப்ப அதுமேல தெறிச்ச வெள்ளைப் புள்ளி கூட அப்படியே இருக்கு.

அண்ணன் வயரைப் பழையபடி மாட்டிட்டு, ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியா இருக்கிற சின்ன சுவிட்ச், எம்சிபி, எல்லாத்தையும் இறக்கி, ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டே வந்தார். கீசர் போட்டதும் டப்புனு விழுந்துச்சு. ஹீட்டர் காயில் உப்புத்தண்ணில அரிச்சு ஓட்டை, அதுல கரண்ட் லீக், கீசருக்கு எர்த் வயரும் கழண்டு கிடக்கு. 30 மில்லி ஆம்ப் லீக் ஆனாலே ஆளைக் காப்பாத்த ஆர்சிசிபி விழுந்தாகணும், அதுக்குத்தானே அது இருக்கு, அது ஒழுங்காத்தான் விழுந்திருக்கு, இந்தப் பாவி அதையே கழட்டி விட்டுட்டான். காயில், எர்த், கூலி எல்லாம் சேர்த்து அண்ணன் வாங்கினது 1,150.

ஆப் கஸ்டமர் கேர்ல முதல்ல மெஷின் சாட். அப்புறம் ஒரு பொண்ணு "உங்க கவலை புரியுது மேம், 48 மணி நேரம்"னாங்க. அப்புறம் வேற ஒருத்தர், போட்டோ அனுப்புங்கன்னார், அனுப்பினேன், மறுபடி அனுப்புங்கன்னார். கடைசில "ஆப்புக்கு வெளிய குடுத்த பணத்துக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னு டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டாங்க. அனுப்பின ஆள் உங்க ஆளு, போட்டிருந்தது உங்க சட்டை, பணத்துக்கு மட்டும் பொறுப்பில்லையா? குழாய்ல கரண்ட் வந்ததுன்னு சொன்னேனே, அதைப் பத்தி ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கல. அவன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். 7,400 ரூபா திரும்ப வரல, 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைன்ட் போட்டிருக்கேன்.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. டிரிப் ஆனா முதல்ல கீசர், மோட்டார், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் பிளக் எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் பாருங்க. விழ விழ மேல தள்ளிக்கிட்டே இருக்காதீங்க. எரிஞ்சுடுச்சுன்னா பழைய சாமானை கைல வாங்கிட்டுதான் பணம். பில் இல்லாம யார் நம்பருக்கும் அனுப்பாதீங்க. முக்கியமா, வேலை முடிஞ்சதும் ஆர்சிசிபில 'T'னு போட்டிருக்கிற டெஸ்ட் பட்டனை அவன் முன்னாடியே அமுக்குங்க, டப்புனு விழணும். விழுந்ததுக்கு அப்புறமும் வீட்ல இன்வர்ட்டர் லைன் தவிர ஒரு லைட் எரிஞ்சாக்கூட அவனை வாசல் தாண்ட விடாதீங்க.