பூதக்கண்ணாடியோடு வந்த அகராதி

வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களில் ஈடுபாடு உள்ளவர்கள், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1971-ஆம் ஆண்டு காம்பாக்ட் பதிப்பைப் பழைய புத்தகக் கடையில் கண்டால் தயங்காமல் வாங்கிவிடலாம். 1933-இல் வந்த 13 தொகுதிகளை, நான்கு பக்கங்களை ஒரு பக்கத்துக்குள் சிறிதாக்கி, இரண்டே தொகுதிகளில் அடக்கியிருக்கிறார்கள். இரண்டையும் வைக்கும் பெட்டியின் மேற்பகுதியிலுள்ள சிறு இழுப்பறை, பூதக்கண்ணாடிக்கு உரிய இடம்.

நான் முதலில் தேடியது ‘மானிஷ்’ என்ற வினைச்சொல். எச்சரித்தல், இடித்துரைத்தல் என்று பொருள்படும் இச்சொல் வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. அதன் உறவான ‘அட்மானிஷ்’ மட்டும் பிழைத்திருக்கிறது. கையகராதி இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். இந்த அகராதியில் இரு சொற்களையும் சேர்த்துப் படித்தால், ஒரு பிழை சொல்லாக மாறிய வரலாறு கிடைக்கிறது. நினைவூட்டு, எச்சரி என்று பொருள்படும் இலத்தீன் ‘மோனெரே’யின் வழியில் பழைய பிரெஞ்சில் ‘அமொனெஸ்தெர்’ பிறந்தது; அது இடைக்கால ஆங்கிலத்துக்கு ‘அமொனெஸ்ட்’ என்று வந்தபோது, கடைசியிலுள்ள ‘ட்’ ஒலியை இறந்தகால விகுதி என்று எண்ணிய மக்கள், அதை நீக்கிவிட்டுப் புதியதொரு நிகழ்கால வடிவத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். ‘அபாலிஷ்’ போன்ற வினைகளின் சாயலில் ‘இஷ்’ என்ற ஈறும் ஒட்டிக்கொண்டது. இலத்தீன் கற்றவர்கள் பிற்பாடு சொல்லின் தொடக்கத்தைத் திருத்தினார்களே தவிர, இறுதியைத் தொடவில்லை. நம் நீதிமன்றங்கள் அனுப்பும் சம்மனும், வகுப்பறை மானிட்டரும்கூட இதே ‘மோனெரே’ வீட்டுப் பிள்ளைகள்தாம்.

பொருளுக்குப் பொருள் ஆண்டு குறித்த மேற்கோள்களை அடுக்கியிருப்பதே இந்நூலின் உண்மையான செல்வம் என்பேன். ‘மானிஷ்’ இடம்பெறும் ‘எம்’ (M) எழுத்துப் பகுதியைப் பதிப்பித்த ஹென்றி பிராட்லியின் உழைப்பு, ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது.

குறைகளும் உண்டு. 1933-க்குப் பிந்தைய ஆய்வுகளை இதில் எதிர்பார்க்க முடியாது. அவற்றுக்குச் சந்தா கட்டி இணையப் பதிப்பைத்தான் நாட வேண்டும். எழுத்து எறும்பு வரிசைபோல் இருப்பதால், பகல் வெளிச்சத்தில் சன்னலோர மேசையில் வைத்துப் படிப்பதே கண்ணுக்கு நல்லது. வாங்கும்போது மறக்காமல் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். என் பிரதியில் அது காலியாக இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். கண்ணாடியைத் தனியாக வாங்க வேண்டியதாயிற்று.